2⅗ × 4 = 8⅗ என்று எழுதும் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

கனகராயன் (கிளிநொச்சி):
தரம் 8 ரியூசன் வகுப்பு. 2⅗ × 4 கொடுத்தால் பாதிப்பேர் 8⅗ என்கிறார்கள். மிச்சப்பேர் முழுவெண், தொகுதி, பகுதி மூன்றையும் 4 ஆல் பெருக்கி 8 12/20 என்கிறார்கள். விடை 10⅖ என்று செய்து காட்டினாலும் அடுத்த கணக்கில் அதே பிழை. முறைமையில்லாப் பின்னமாக (13/5 போல, தொகுதி பகுதியிலும் பெரிதாக) மாற்றச் சொல்வதா, பிரித்துப் பெருக்கச் சொல்வதா?

நெடுங்கேணியான்:
சேர், இரண்டும் ஒரே பிழைதான். 12/20 ஐச் சுருக்கினால் ⅗. மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கினால் சமவலுப் பின்னம்தான் வரும், பெறுமதி அசையாது. பின்னம் பெருக்கப்படவே இல்லை. அதைப் பிள்ளைகளையே சுருக்கவைத்துக் காட்டுங்கள், விவாதமே தேவையில்லை.

என் வாக்கு முறைமையில்லாப் பின்னத்துக்கு. 2 × 5 + 3 = 13. பிறகு 13/5 × 4/1 = 52/5. 52 ஐ 5 ஆல் வகுக்க 10, மீதி 2, 10⅖. 4 ஐ 4/1 என்று எழுதுவதைக் கொஞ்ச நாளைக்குக் கட்டாயமாக்குங்கள். கீழே 1 நின்றால் பகுதியை 4 ஆல் பெருக்கக் கை போகாது. விடை 8 இற்கும் (2 × 4) 12 இற்கும் (3 × 4) இடையில் நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வயற்கரை:
வன்னிப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பெருக்குவதுதான் முதலில். ஏக்கருக்கு 2¼ புசல் விதைநெல், 5 ஏக்கர் என்று கேளுங்கள். "ஐயிரண்டு பத்து, அஞ்சு கால் ஒண்டேகால், பதினொண்டேகால் புசல்" என்று வீட்டில் வாயாலேயே சொல்லிவிடுவார்கள். 10¼ என்று எழுதினால் நாலு கால், அதாவது ஒரு முழுப் புசல், குறைகிறது. கிட்டத்தட்ட 21 கிலோ நெல். ஏறக்குறைய அரை ஏக்கர் வெறுமையாய்க் கிடக்கும்.

உங்கள் கணக்கு: 2 × 4 = 8, ⅗ × 4 = 12/5 = 2⅖, கூட்டினால் 10⅖. 8 12/5 என்று பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் ஒன்று வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முல்லைக்கரை:
8 இற்கும் 12 இற்கும் இடையில் என்ற சோதனை இங்கே உதவாது. பிழையான 8⅗ உம் அதற்குள்தானே நிற்கிறது! ⅗ அரையிலும் பெரிது, 2½ × 4 = 10, ஆகவே விடை 10 ஐத் தாண்டவேண்டும். இப்படிச் சோதித்தால் பிழை பிடிபடும்.

இன்னொன்று, கலப்பு எண்ணாக வைத்துக்கொண்டே வெட்டுவது. 2⅚ × 3 இல் 6 ஐயும் 3 ஐயும் வெட்டி 2 5/2, அதாவது 4½ என்பார்கள். 3 வெட்டுப்பட்டுப் போனதால் முழுவெண் 2 பெருக்கப்படாமல் நின்றுவிடுகிறது. முதலில் 17/6 ஆக்கி, பிறகு வெட்டினால் 17/2 = 8½.

முறையை எண்ணைப் பார்த்துத்தான் தெரிவுசெய்யவேண்டும். 24⅜ × 16 என்றால் பிரிப்பது சுகம்: 384 + 6 = 390. 3 5/7 × 4 மாதிரிச் சின்ன எண்களுக்கு மாற்றிச் செய்வது சுகம்: 26/7 × 4 = 104/7 = 14 6/7.