ஓவர்லேப் - 'வேய்வு' என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் துண்டறிக்கையில் ஓவர்லேப்புக்கு, அதாவது ஒரு படத்தில் விழுந்த இடம் அடுத்த படத்திலும் விழுவதற்கு, 'மேற்பொருந்தல்' என்ற சொல் போதும் என்று எழுதியிருந்தீர்கள், ஐயா. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும், பள்ளியில் வடிவியல் படித்தவர்களுக்கு அச்சாக ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இரண்டு முக்கோணங்கள்தாம் நினைவுக்கு வரும். பல படங்களிலிருந்து ஒரு பொருளின் வடிவத்தையும் அளவையும் கணக்கிடும் ஒளிப்பட அளவியலில் இரண்டு படங்கள் அப்படிப் பொருந்தினால் இரண்டாவது படம் வீண். முந்தைய படத்தில் விழுந்ததில் பெரும்பகுதி அடுத்ததிலும் விழவேண்டும். கொஞ்சம் புதிய இடமும் சேரவேண்டும்.

'வேய்வு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஆய் என்பது ஆய்வு, சாய் என்பது சாய்வு ஆனதுபோல வேய் என்பது வேய்வு. டெல்டாவில் கீற்றுக் கொட்டகை வேய்வதைப் பார்க்காதவர் குறைவு. இறவாரத்தில் தொடங்கி முகடு நோக்கி, கீழ்வரிசையின் பெரும்பகுதியை மேல்வரிசை மூடிக்கொண்டே போகும். இடைவெளி கூடினால் அங்கேதான் ஒழுகும். முன்வேய்வு (ஒரே வரிசையில் அடுத்தடுத்த படங்களுக்கிடையே), பக்கவேய்வு (அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையே), வேய்வு விழுக்காடு என்று சொல் தடையின்றிக் கிளைக்கிறது. 'படங்களை வேய்ந்து எடுங்கள்' என்று வினையாகவும் சொல்லலாம். இது எனக்குப் பெரிய காரணம். வினையாகாத கலைச்சொல் கையேட்டிலேயே தங்கிவிடுகிறது.

நம் துண்டறிக்கை வாய்க்கால் தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் கைபேசியில் படம் எடுத்து, அள்ளிய மண்ணின் கன அளவைக் கணக்கிட விரும்பும் விவசாயிகளுக்கானது. அவர்களிடம் வெறுமனே '80 விழுக்காடு வேய்வு' என்றால் போதாது. மதகுச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்று கைபேசியைக் கிடையாகப் பிடித்தால், முதன்மை லென்சில் ஏறக்குறைய 7 மீட்டர் அகலம் விழும். அப்படியானால் அடுத்த படத்துக்கு ஒன்றரை மீட்டருக்குள், அதாவது இரண்டு எட்டு, நகரவேண்டும். சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் ஐந்தாறு படங்களில் வந்துவிடும். இப்படி எழுதினால் வேய்வு என்றால் என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தரலாம். ஜூம் வேண்டாம். திரையை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடவேண்டும். சுவரில் இரண்டு புள்ளிகளைக் குறித்து இடைத்தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளவேண்டும். கைபேசி காட்டும் இருப்பிடம் சில மீட்டர் தவறும் என்பதால் அதை நம்பிக் கன அளவு போடமுடியாது. மேகமூட்டமான காலை நல்லது; மே மாத உச்சிவெயிலில் மதகின் வளைவுக்கடியில் எல்லாம் கறுத்துவிடும். நீர்ப்பரப்பும் காற்றில் ஆடும் நாற்றும் படத்துக்குப் படம் மாறுவதால் மென்பொருளால் அவற்றைப் பொருத்திப் பார்க்கமுடியாது. ஆகவே மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே, வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதே முதல் சுற்றை முடித்துவிடவேண்டும்.

இன்னொரு சொல்லும் என்னை உறுத்துகிறது. பாரலாக்ஸுக்குப் பாடநூல் வழக்கு 'இடமாறு தோற்றப்பிழை'. அளவுகோலைச் சாய்வாகப் பார்த்துப் படிக்கும்போது அது பிழைதான். இங்கோ, நாம் இடம் மாறுவதால் அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள கரையும் வெவ்வேறு அளவு நகர்வதை வைத்துத்தான் ஆழமே கிடைக்கிறது. நின்ற இடத்திலேயே சுழன்று எடுத்தால் அந்த நகர்வு இல்லை. முப்பரிமாண வடிவமும் இல்லை. 'பிழை' என்ற சொல்லை நீக்கி 'இடமாறு தோற்றம்' என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இயற்பியல் கற்பிக்கும் நண்பர்கள் இதில் மாறுபட்டால் காரணத்தோடு எழுதுங்கள். அதன் பிறகே அச்சுக்குக் கொடுப்போம்.