அம்மாயி எடுக்கிற போட்டோ எல்லாம் வெள்ளையாக வருகிறது, உடனே உதவி தேவை

கொட்டகலைப்_பொடியன் | வியாழன் இரவு 9.12
வணக்கம். அம்மாயி எடுக்கிற போட்டோ எல்லாம் கொஞ்ச நாளாக வெள்ளையாக வருகிறது. முன்பு நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சீதையம்மன் கோயிலுக்கும் ஹக்கலைப் பூங்காவுக்கும் போகிறார். அதற்குள் சரி செய்ய வேண்டும். நான் கொழும்பில் வேலை, இந்தக் கிழமை லீவு இல்லை. என்ன செய்யலாம்? கொஞ்சம் அவசரம்.

லென்ஸ்_மாமா | வியாழன் இரவு 9.20
எதில் எடுக்கிறார்? கெமராவிலா, போனிலா? என்ன மொடல்? வெள்ளை என்றால் படம் முழுக்க வெளுத்துப் போகிறதா, பனி மூடிய மாதிரி மங்குகிறதா? எல்லாப் படமுமா, வெளியில் எடுப்பது மட்டுமா? மாதிரிப் படம் ஒன்றுகூட இல்லை. டொக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை நீட்டுவீர்களா தம்பி?

பழைய_ஸ்டூடியோ | வியாழன் இரவு 9.31
பூஞ்சணம். சந்தேகமே வேண்டாம். ஹட்டனில் பல வருசம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் சொல்கிறேன். மே மாதம் மழை பிடித்தால் அலுமாரிக்குள் இருக்கிற தோல் செருப்பிலேயே பூ பூக்கும், லென்ஸ் எம்மாத்திரம்? காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்காக நின்றால் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி நூல் ஓடும். விட்டுவைத்தால் மேல்பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தும் பயனில்லை. லென்ஸைக் கழற்றி வெயிலில் வையுங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள்.

ஊவாக்_காற்று | வியாழன் இரவு 9.44
நீங்கள் அந்தப் படங்களைப் பார்ப்பது வட்ஸ்அப்பில்தானே? அதுதான் காரணம். வட்ஸ்அப் படத்தை நசுக்கித்தான் அனுப்பும். டொக்யுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள், தெளிவாக வரும். என் அக்காவுக்கும் இதே கதை.

கொட்டகலைப்_பொடியன் | வியாழன் இரவு 10.05
போன்தான். தீபாவளிக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மொடல் ஞாபகம் இல்லை, கறுப்பு நிறம்.

லென்ஸ்_மாமா | வியாழன் இரவு 10.09
கறுப்பு நிறம். அருமை. இனி எல்லாம் விளங்கிவிட்டது.

சரி, கேளுங்கள். மலையகத்தில் பாதி நாள் பனி. பனியைப் பார்த்தால் கெமரா "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்து அடக்கி எடுக்கும். ஆகையால் படம் சாம்பல் நிறமாகத்தான் வரவேண்டும், வெள்ளையாக அல்ல. வெள்ளையாக வருகிறது என்றால் உங்கள் அம்மாயி திரையைத் தொடும்போது பக்கத்தில் வருகிற, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சூரியனை மேலே இழுத்துவிடுகிறார். வயதானவர்கள் விரலை அழுத்திப் பிடிப்பார்கள், வெளிச்சம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இதைச் சொல்லிக் கொடுத்தாலே போதும். வட்ஸ்அப் நசுக்கினால் படம் கட்டம் கட்டமாகும், வெளுக்காது. பூஞ்சணம் என்று சொன்ன ஐயாவுக்கு ஒரு தகவல்: போன் லென்ஸைக் கழற்ற முடியாது.

பழைய_ஸ்டூடியோ | வியாழன் இரவு 10.16
போன் என்று அவர் முதலிலேயே சொல்லவில்லையே. போனுக்குள்ளும் ஈரம் போகும் தம்பி.

தேயிலைப்பூ | வியாழன் இரவு 10.38
நாங்கள் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறோம். நாலு விசயம் சொன்னால் எனக்குப் போதும், மொடல்கூட வேண்டாம். ஒன்று, செல்ஃபி எடுத்தால் எப்படி வருகிறது? இரண்டு, ராத்திரி மின்குமிழை எடுத்தால் அதைச் சுற்றி வட்டமாக ஒளி பரவுகிறதா? மூன்று, பிளாஷ் போட்டால் இன்னும் மோசமா? நாலாவது, போனை எங்கே வைத்திருப்பார்? அடுப்படியில் என்றால் புகையும் எண்ணெயும் படியும். முதலில் பழைய பருத்திச் சேலைத் துண்டால் லென்ஸைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கடைக்கு வருகிற "கெமரா பழுது"களில் நிறைய அந்தத் துடைப்போடு முடிந்துவிடும்.

கொட்டகலைப்_பொடியன் | வெள்ளி காலை 6.50
அம்மாயியோடு பேசினேன். துடைத்தாராம், மாற்றம் இல்லை. செல்ஃபி பளிச்சென்று வருகிறது, சின்னவன் அனுப்பினான், மூக்கு முடி வரை தெரிகிறது. ராத்திரி எடுத்ததைப் பார்த்தேன்: இஸ்தோப்பு (முன் திண்ணை) மின்குமிழைச் சுற்றி நிலவுக்குக் கோட்டை கட்டின மாதிரி வட்டம். பிளாஷ் போட்டால் முழுதும் பால்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். காலையில் பெரியவள் வெள்ளைச் சீருடையோடு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நிற்கிறாள், பின்னால் தேயிலை மலை. ரிப்பனும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. தலைமுடி மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு. அதே இடத்தில் மத்தியானம் எடுத்தது பரவாயில்லாமல் இருக்கிறது.

போன் எப்போதும் கம்பளிச் சட்டைப் பைக்குள்தான். பிள்ளைகள் என்ன செய்தாலும் டக்கென்று எடுக்க வேண்டுமாம். பெயருக்குத்தான் ஓய்வு. கொழுந்து பறிக்கப் போன காலத்தைவிட இப்போதுதான் அதிகம் நடக்கிறார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கும் மலைக்கும்.

மலைமுகடு | வெள்ளி காலை 7.30
இழைக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அப்படி எடுக்கிற படங்களைப் போனிலேயே விட்டுவிடாதீர்கள். எங்கள் அப்பாயிக்கு இருந்த ஒரே படம் இந்தியப் பாஸ்போட்டுக்கு எடுத்தது. சுவரில் வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் குடும்பமே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் போகவும் இல்லை, படம் மட்டும் மிஞ்சியது. பிரின்ட் எடுத்து வையுங்கள்.

ஊவாக்_காற்று | வெள்ளி காலை 7.52
64 ஒப்பந்தத்தில் தோட்டத்துத் தமிழர் எல்லோரையும்தானே இந்தியாவுக்கு அனுப்பினார்கள், உங்கள் ஆட்கள் எப்படித் தப்பினார்கள்?

மலைமுகடு | வெள்ளி காலை 8.10
எல்லோரையும் இல்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. விடுபட்ட 150,000 பேரை 1974இல் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மூட்டை முடிச்சோடு தலைமன்னாருக்கு ரயில் ஏறினவர்கள் ஒரு பக்கம், பாஸ்போட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் ஒரு பக்கம். 1984இல் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன கப்பலும் நின்றுபோனது. எங்கள் ஆட்கள் காத்திருந்தவர்கள்.

லென்ஸ்_மாமா | வெள்ளி காலை 8.25
வரலாற்றுப் பாடத்துக்கு நன்றி. ஆனால் பிரின்ட் பாதுகாப்பு என்பது பழைய கதை. லயத்துச் சுவரில் மாட்டிப் பாருங்கள், இரண்டு மழைக்காலத்தில் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியிலேயே இருந்துவிடும். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள், ஒன்று இணையச் சேமிப்பில். அவ்வளவுதான்.

பழைய_ஸ்டூடியோ | வெள்ளி காலை 8.41
ஒட்டுவது பிரேம் போட்டவன் பிழை. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஜன்னல் வெட்டின அட்டை வைத்தால் ஒட்டாது. நான் போட்ட பிரேம்கள் இன்றைக்கும் வீடுகளில் தொங்குகின்றன. உங்கள் இணையச் சேமிப்புக்குக் கடவுச்சொல் வேண்டும். அம்மாயி போனபின் அதை யாரிடம் கேட்பீர்கள்?

மலைமுகடு | வெள்ளி காலை 8.55
இரண்டும் வேண்டும் ஐயா. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு போனவற்றில் அல்பங்களும் உண்டு. செத்தவர்களின் முகத்தைப் பார்க்க உறவுக்காரர் வீட்டுக் கலியாணப் படங்களில் தேடினவர்களை எனக்குத் தெரியும். படம் ஒரே வீட்டில் மட்டும் இருக்கக்கூடாது, என் கணக்கு அவ்வளவுதான்.

ஊவாக்_காற்று | வெள்ளி காலை 9.02
கடவுச்சொல்லைப் பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் எழுதி வைக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

லென்ஸ்_மாமா | வெள்ளி காலை 9.04
கடவுச்சொல்லை எழுதி வைக்கவே கூடாது. அதுவும் பஞ்சாங்கத்திலா?

தேயிலைப்பூ | வெள்ளி காலை 9.30
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், பிள்ளை அவசரத்தில் இருக்கிறார்.

தம்பி, செல்ஃபி தெளிவு, பின்பக்கம் மட்டும் மங்கல், பிளாஷ் போட்டால் பால். நீங்கள் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. போன் வாங்கிக் கொடுத்தபோது பின் கெமராவுக்கு மேல் கண்ணாடி ஏதும் ஒட்டினீர்களா? லென்ஸ் கீறாமல் இருக்க என்று கடையில் ஒட்டித் தருவார்களே, அது.

கொட்டகலைப்_பொடியன் | வெள்ளி காலை 9.41
ஓம், ஒட்டினேன். நல்ல கண்ணாடிதான், முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுத்தார்கள். அதற்கும் இதற்கும் என்ன?

தேயிலைப்பூ | வெள்ளி காலை 10.15
அதுதான் விசயமே. ஓரத்துப் பசை கொஞ்சம் விட்டிருக்கும். கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இடையில் கடுதாசி அளவு இடைவெளி, அதற்குள் ஈரக்காற்று போய் உட்கார்ந்திருக்கும். போன் கம்பளிச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் இருக்கும்போது அந்த ஈரம் ஆவியாகவே நிற்கும். விடியற்காலைக் குளிரில் வெளியே எடுத்ததும் மேல் கண்ணாடி சட்டென்று குளிர்ந்து, ஆவி அதன் உள்பக்கத்தில் படியும். கொதிக்கிற சட்டியின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் தண்ணீர் நிற்கிறதே, அந்த மாதிரி. அம்மாயி வெளிப்பக்கத்தைத்தான் துடைக்கிறார், ஈரம் இருப்பது உள்ளே. மத்தியானம் சூடு ஏறியதும் காய்ந்துவிடும், படமும் பரவாயில்லாமல் வரும். பிளாஷ் வெளிச்சம் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே ஓடி லென்ஸுக்குத் திரும்புவதால்தான் ராத்திரியில் பால்.

கழற்றச் சொல்லுங்கள். கத்தி வேண்டவே வேண்டாம். முடிந்துபோன ரீலோட் கார்ட் (போனுக்குக் காசு போடுகிற) அட்டையின் மூலையை ஓரத்தில் கொடுத்து மெதுவாக நெம்ப வேண்டும். வரவில்லை என்றால் தைக்கிற நூலை அடியில் விட்டு அறுக்கிற மாதிரி இழுக்கலாம். பசை மிஞ்சினால் மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி போதும், தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், அது இன்னொரு மங்கலாகும். திரும்ப ஒட்டவும் வேண்டாம். லென்ஸுக்கு மேல் ஏற்கெனவே கெட்டிக் கண்ணாடி இருக்கிறது.

லென்ஸ்_மாமா | வெள்ளி காலை 10.22
நான் கேட்ட முதல் கேள்விகளுக்கே ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் நேற்றிரவே இதைச் சொல்லியிருப்பேன். வெளிச்சப் பூட்டு விசயமும் இன்னும் பிழை இல்லை. பனியில் எடுக்கும்போது பிள்ளையின் முகத்தைத் தொட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஹக்கலையில் பகலிலும் பனி இறங்கும்.

மலைமுகடு | வெள்ளி காலை 10.40
ஹக்கலை என்றதும் ஞாபகம். முதலில் கோயிலுக்குப் போகச் சொல்லுங்கள். ஓடைப் பாறையில் அனுமன் பாதம் என்று காட்டும் குழிகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் காலை வைத்து நிற்பார்கள், அந்தப் படம் இல்லாமல் யாரும் திரும்புவதில்லை. பாறை வழுக்கும். அம்மாயி படம் எடுக்கப் பின்னால் பின்னால் நடக்காமல் ஒரே இடத்தில் நிற்கட்டும். பூங்காவில் ரோசாத் தோட்டம் நன்றாக இருக்கும். அது 1861இல் மலேரியாக் காய்ச்சல் மருந்துக்கான சின்கோனா மரம் வைக்கத் தொடங்கிய இடம் என்று பெரியவளுக்குச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் உதவும்.

ஊவாக்_காற்று | வெள்ளி பகல் 12.05
கண்ணாடியைக் கழற்றினால் லென்ஸ் கீறாதா? கம்பளிப் பைக்குள் சில்லறையும் கிடக்குமே.

தேயிலைப்பூ | வெள்ளி பகல் 12.30
சில்லறைக்கு வேறு பை. வெற்றிலைப் பையில் போடட்டும்.

லென்ஸ்_மாமா | சனி இரவு 8.10
என்ன ஆனது? உதவி கேட்கிறவர்கள் வேலை முடிந்ததும் காணாமல் போவது இங்கே வழக்கமாகிவிட்டது.

கொட்டகலைப்_பொடியன் | திங்கள் இரவு 11.48
மன்னிக்கவும், வேலை. சின்னவன் அட்டையால் நெம்பி எடுத்துவிட்டான், உள்ளே ஈரம் இருந்ததாம். படங்கள் பளிச். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 214 படம், அதில் பாதி அம்மாயியின் விரல். தேயிலைப்பூ அக்காவுக்கு நன்றி. பழைய வெள்ளைப் படங்களைச் சரி செய்ய முடியுமா?

தேயிலைப்பூ | செவ்வாய் காலை 7.15
ஓரளவுக்கு முடியும் தம்பி. போட்டோ திருத்தும் செயலியில் பனி நீக்குகிற பட்டையை ஏற்றி, கறுப்பையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மலை திரும்பி வரும், ரிப்பன் வருமா என்று சொல்ல முடியாது. மூலப்படத்தை அழிக்காமல் நகலில் செய்யுங்கள்.

பழைய_ஸ்டூடியோ | செவ்வாய் காலை 9.00
கழற்றின கண்ணாடியைத் தூக்கி எறியாமல் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நூல் நூலாக ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் இங்கே வந்து சொல்லுங்கள்.