தாயத்தும் மாத்திரையும்: ஒரு ஹைட்டி புத்தகத்தைப் படித்தவர்கள் சொன்னது

கல்லூரி ஆசிரியை (தொடங்கி வைத்தவர்):

டிரேசி கிடர் 2003இல் எழுதிய 'மவுண்டன்ஸ் பியாண்ட் மவுண்டன்ஸ்' புத்தகத்தை மூன்று வருடமாக விருப்பப் பாடத்தில் நடத்துகிறேன். பால் ஃபார்மர் என்ற அமெரிக்க மருத்துவர், கரீபியன் நாடான ஹைட்டியில் கான்ஜ் என்ற வறண்ட ஊரில் ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்திய கதை. கதை என்று சொன்னாலும் எல்லாம் நடந்தது. 1950களில் பெலிகர் அணை கட்டினார்கள், பள்ளத்தாக்கில் இருந்த வயல்களெல்லாம் தண்ணீருக்குள் போயின. நிலம் போனவர்கள் மேட்டில் ஏறி ஒண்டிக்கொண்ட ஊர்தான் கான்ஜ். அணையின் மின்சாரம் மட்டும் அவர்களுக்கு வரவில்லை.

விடைத்தாள் திருத்தும்போதுதான் எனக்கு எரிச்சல் வரும். 'இந்நூலின் கருப்பொருள் யாது?' என்றால் 'மனிதநேயம்'. 'ஃபார்மரின் பாத்திரப் படைப்பை விளக்குக' என்றால் 'தியாகத்தின் திருவுருவம்'. அப்புறம் எட்டுப் பக்கத்துக்கு அதையே நீட்டி முழக்குவார்கள். மதிப்பெண் போடாமலும் இருக்க முடியாது.

போன வருடம் கேள்வியை மாற்றினேன். ஃபார்மரை விட்டுவிடுங்கள், புத்தகத்தில் ஒரு பக்கம்கூட முழுசாக வராத ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்றேன். பாதி வகுப்பு ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டது: காசநோய் வந்த அந்த மூதாட்டி. முதல் தடவை ஃபார்மர் பேட்டி எடுக்கும்போது, செய்வினை என்ற பேச்சுக்கே கோபப்படுகிறார். இருமலில் கிருமி பரவுவது எனக்குத் தெரியாதா என்கிறார். குணமான பிறகு மறுபடி போனால், 'செய்வினைதான், வைத்தவள் யார் என்றும் தெரியும், அவளைச் சும்மா விட மாட்டேன்' என்கிறார். 'அப்படியானால் மருந்தை ஏன் சாப்பிட்டீர்கள்?' என்று டாக்டர் குழம்புகிறார். சிக்கலான விஷயம் எதுவும் உனக்குப் புரியாதா கண்ணு என்கிற மாதிரி பாட்டி திருப்பிக் கேட்கிறார்.

இப்படி உங்களைத் திருப்பிக் கேட்டவர் யாராவது உண்டா? எழுதுங்கள்.

டிபி (காசநோய்) ஹெல்த் விசிட்டர், டெல்டா பக்கம்:

மேடம், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். எனக்கும் ஒருவர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், தனிக்கட்டை. சளிப் பரிசோதனையில் பாசிட்டிவ். ஆறு மாத மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் காலையில் போன்: 'அம்மா, ஒண்ணுக்கு செக்கச்செவேல்னு போகுது.' அதில் இருக்கிற ரிஃபாம்பிசின் மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் அந்த நிறத்தில்தான் போகும். முதல் நாளே சொல்லியிருந்தேன், மறந்துவிட்டார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் மனிதர் பயப்படவே இல்லை. 'வச்சது வெளியே வருது, நல்ல மாத்திரைதான்' என்றார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். கிருமி, நுரையீரல், படம் போட்ட அட்டை எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: 'மாத்திரை கிருமியைக் கொல்லும், சரி. அந்தக் கிருமிக்கு என் வீட்டு வழி காட்டுனது எதிர்வீட்டுக்காரி. அவளுக்கு ஒரு மாத்திரை இருக்கா?' அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஃபார்மர் நடத்திய சோதனையும் எங்கள் வேலைக்கு நெருக்கமானது. இரண்டு குழுவுக்கும் மருந்து இலவசம். ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் ரொக்கம், சாப்பாடு, வீடு தேடி வரும் ஊர்ப் பணியாளர். அந்தக் குழுவில் எல்லோரும் குணமானார்கள், மற்றதில் 48 சதவீதம்தான். செய்வினையை நம்புகிறவரா இல்லையா என்பது கணக்கில் ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. மூடநம்பிக்கைதான் முட்டுக்கட்டை என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை மட்டுமாவது படிக்கலாம்.

சென்னையிலும் 1956இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. நோயாளியை சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதும் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே பலன்தான் என்று உலகத்துக்குக் காட்டியது அதுதான். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மட்டம், ஆனாலும் தேறினார்கள். அப்படியானால் சாப்பாடு முக்கியம் இல்லையா என்று எங்கள் பயிற்சியில் ஒருவர் கேட்டார். அந்த நோயாளிகளை எவ்வளவு விடாமல் பின்தொடர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். இப்போது சத்துணவுக்காக நோயாளி கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறார்கள், 2024 நவம்பருக்கு முன்பு 500. பெரியவருக்கு அந்தப் பணம் வந்து சேர நாளானது. அதுவரை முட்டை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

என் அனுபவம் வேறு மாதிரி. 2005 ஜனவரியில், சுனாமி முடிந்த கையோடு, ஒரு வெளிநாட்டுக் குழுவுக்கு மொழிபெயர்க்க நாகப்பட்டினம் போனேன். ரோட்டோரம் பழைய துணி மலைபோலக் கிடந்தது. அதில் கம்பளிக் கோட்டுகூடப் பார்த்தேன், நாகை வெயிலுக்கு!

குழுவில் இருந்த ஆலோசகர் ஒரு மீனவப் பெண்ணிடம், 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்?' என்று கேட்கச் சொன்னார். அப்படியே தமிழில் கேட்டால் யாருக்கு விளங்கும்? 'மனசு எப்படிம்மா இருக்கு?' என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'போட்டு எப்ப தருவாங்களாம்?' என்று படகைக் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டு, துக்கத்தைப் பேசத் தயங்குகிறார் என்று ஆலோசகர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் துக்கத்தைத்தான் பேசினார் என்று எனக்குப் பட்டது. ஆனால் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, அது என் தப்பு.

அதனால் இந்தப் புத்தகத்தில் என் கண் போனது ஃபார்மரின் தியாகத்தின் மேல் இல்லை, அவர் பேசுகிற கிரியோல் என்ற ஹைட்டி மொழி மேல். நோயாளிக்கும் அவருக்கும் நடுவே என்னை மாதிரி ஓர் ஆள் இல்லை. அதனால்தான் பாட்டியின் கேலி நேராக அவர் காதில் விழுகிறது. நடுவில் நான் இருந்திருந்தால் 'கண்ணு'வை முழுங்கியிருப்பேன்.

இன்னொன்று. ஹைட்டியில் வெளியாளை 'பிளான்' என்பார்கள். வார்த்தைக்கு வெள்ளை என்று பொருள், ஆனால் கறுப்பு அமெரிக்கரும் அங்கே பிளான்தான். மதுரைக்காரியான நான் நாகையில் 'ஃபாரின்காரங்க' கணக்கில் இருந்தேன்.

சமூகப்பணி மாணவன்:

நான் கொஞ்சம் முரண்படுகிறேன். ஜான் என்ற சிறுவனின் பகுதியை யாரும் தொடவே இல்லையே? அரிதான புற்றுநோய். பாஸ்டனுக்குக் கொண்டுபோகத் தனி விமானம், கிட்டத்தட்ட 20,000 டாலர். போய்ப் பார்த்தால் நோய் முற்றிவிட்டது, பையன் அங்கேயே இறந்துவிடுகிறான். அந்தப் பணத்தில் கான்ஜில் எத்தனை பேரைப் பார்த்திருக்கலாம்? என் கட்டுரையில் இதை வீண்செலவு என்றே எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: 'அடுத்து ஃபார்மர் எங்கே போகிறார்?' இரண்டு குடும்பங்களைப் பார்க்க ஏழு மணி நேரம் மலையில் நடக்கிறார், கிடர் மூச்சிரைக்கப் பின்னால் போகிறார். அந்த நடையும் கணக்குப்படி வீண்தான். அதையும் தப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. விமானத்துக்கு ஒரு கணக்கு, நடைக்கு ஒரு கணக்கா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கிடரை ஒரு பாத்திரமாகப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான். ஃபார்மர் பக்கத்தில் நிற்கும்போது வரும் குற்ற உணர்ச்சியையும் எரிச்சலையும் அவர் மறைக்கவில்லை. அந்த எரிச்சல் இல்லாவிட்டால் இது வெறும் ஸ்தல புராணம்.

கல்லூரி ஆசிரியை:

தம்பி, 'ஸ்தல புராணம்' என்பதை வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். ஃபார்மர் 2022 பிப்ரவரியில் ருவாண்டாவில் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் அதுதான் நிறைய இருந்தது. மதுரை அம்மா சொன்ன 'போட்டு' அடுத்த வினாத்தாளில் வந்தாலும் வரும்.

சிஸ்டர், அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று சொல்லாமலே விட்டுவிட்டீர்களே?

டிபி ஹெல்த் விசிட்டர்:

ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார் மேடம். சளி நெகட்டிவ், எடை ஏழு கிலோ கூடியது. தாயத்து கையில் அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாவோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.