மறு: [கலைச்சொல்] ‘பதவிவழிக் குற்றம்’ – குக் கவுண்டி தரவுக்கான சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

‘அஃபிஷியல் மிஸ்கண்டக்ட்’ என்பதற்கு இந்த இழையில் இதுவரை வந்தவை: அதிகாரத் துஷ்பிரயோகம், அலுவல் முறைகேடு, பதவித் துர்நடத்தை, கடமை தவறல். என் பரிந்துரை பதவிவழிக் குற்றம். காரணத்தைச் சட்டத்திலிருந்தே சொல்கிறேன். நாம் மொழிபெயர்ப்பது அமெரிக்காவில் சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியின் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி) அரசு வழக்கறிஞர் அலுவலகம் வெளியிட்ட குற்றச்சாட்டுத் தரவு. ஆகவே இல்லினாய் மாநிலச் சட்டம் எதைக் குற்றம் என்கிறதோ அதைத்தான் நம் சொல்லும் சுமக்க வேண்டும்.

> அதிகாரத் துஷ்பிரயோகம் என்றாலே எல்லாருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, புரியும், ஆனால் பாதிதான் புரியும். இல்லினாய் குற்றவியல் தொகுப்பின் 33-3ஆம் பிரிவு முக்கியமாக நான்கு செயல்களைச் சொல்கிறது. சட்டப்படி செய்தே தீர வேண்டிய கடமையை வேண்டுமென்றோ பொறுப்பற்றோ செய்யாமல் விடுவது ஒன்று. சட்டம் தடுத்திருக்கிறது என்று தெரிந்தே ஒன்றைச் செய்வது அடுத்தது. தனக்கோ பிறருக்கோ ஆதாயம் தேடித் தன் அதிகார எல்லையைத் தாண்டுவது மூன்றாவது. செய்யும் வேலைக்குச் சட்டம் அனுமதிக்காத கட்டணமோ வெகுமதியோ கேட்பது, வாங்குவது நான்காவது. இவற்றில் மூன்றாவதுதான் அதிகாரத் துஷ்பிரயோகம். முதலாவதில் அதிகாரத்தை யாரும் பயன்படுத்தவே இல்லை. பயன்படுத்தாமல் விட்டதுதான் குற்றம். கடமை தவறல் என்றால் அந்த முதலாவது மட்டும் கிடைக்கும், மற்ற மூன்றும் நழுவிவிடும். முறைகேடு என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் பணக் கையாடலோடு ஒட்டவைத்துவிட்டன.

துர்நடத்தைக்கு நான் ஒப்ப மாட்டேன். நம்மூர் அரசு அலுவலகங்களில் துர்நடத்தை, ஒழுங்கீனம் எல்லாம் துறை நடவடிக்கைக்கான சொற்கள். 17(பி) குறிப்பாணை, விளக்கம், விசாரணை அலுவலர், ஊதிய உயர்வு நிறுத்தம் என்று வாசகர் மனம் அந்தப் பக்கம் போய்விடும். குக் கவுண்டியில் இது மூன்றாம் வகைப் பெருங்குற்றம்: பொதுவாக 2 முதல் 5 ஆண்டு சிறை, அல்லது 30 மாதம் வரை நன்னடத்தைக் கண்காணிப்பு. குற்றம் உறுதியானால் பதவியும் வேலையும் போகும் என்று அதே பிரிவு சொல்கிறது. ‘துர்நடத்தைக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு’ என்று அட்டவணையில் ஒரு வரி வந்தால் படிப்பவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்?

> பதவிவழி உறுப்பினர் என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறதே, குழப்பாதா?

இருக்கிறது, எனக்குப் பிடித்ததே அதனால்தான். ஆட்சியர் ஒரு குழுவுக்குப் பதவிவழித் தலைவர் என்றால், அந்த நாற்காலியில் இருப்பதால் அவர் தலைவர். இந்தக் குற்றமும் அப்படியே. செய்தவர் அரசு ஊழியர் என்பது மட்டும் போதாது, அந்தப் பதவியின் பேரில் நின்று செய்திருக்க வேண்டும். விடுமுறை நாளில் பக்கத்து வீட்டுக்காரரோடு கைகலந்த எழுத்தர் மேல் இந்தப் பிரிவு பாயாது. நடத்தை மோசம் என்பதும் போதாது. அவர் மீறியது எந்தச் சட்டம், எந்த விதி என்று அரசுத் தரப்பு சுட்டிக்காட்ட வேண்டும். அதனால் இந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் தனியாக வராது. தாக்குதல், திருட்டு, பொய்யாவணம் என்று இன்னொன்றின் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் வரும்.

இனி நான் பெரிதாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குற்றச்சாட்டு எப்படி முடிந்தது என்று காட்டும் ‘டிஸ்பொசிஷன்’ என்ற தலைப்பை நாம் ‘வழக்கின் தீர்ப்பு’ என்று போட்டிருக்கிறோம். இரண்டு சொல்லுமே பொருந்தவில்லை. அரசு வழக்கறிஞர் கிம் ஃபாக்ஸ் காலத்தில், 2018-இல் பொதுவெளிக்கு வந்த அந்தத் தரவில் ஒரு வரி என்பது ஒரு வழக்கு அல்ல, ஒரு குற்றச்சாட்டு. ஒரே ஆள் மேல் இருபது வரி இருக்கலாம். அவை இருபது விதமாகவும் முடியலாம்.

உதாரணத்துக்கு நாமெல்லாரும் அறிந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 20 அன்று 17 வயது லக்வான் மெக்டொனால்டை சிகாகோ காவலர் ஜேசன் வான் டைக் 16 முறை சுட்டார். அவர் மேல் கொலை வழக்குப் பதிவானது 2015 நவம்பர் 24 அன்று. காணொளியும் அன்றுதான் வெளியானது. 2018 அக்டோபர் 5 அன்று ஜூரி சொன்னது: இரண்டாம் நிலைக் கொலை, குற்றவாளி. கடுந்தாக்குதல், குண்டுக்கு ஒன்றாக 16, எல்லாவற்றிலும் குற்றவாளி. பதவிவழிக் குற்றம், குற்றவாளி அல்ல.

கடைசி வரியை மறுபடி படியுங்கள். சீருடையில், பணி நேரத்தில் சுட்டவர். அந்த ஒரு குற்றச்சாட்டில் மட்டும் அவர் விடுதலை. ‘வழக்கின் தீர்ப்பு: குற்றவாளி’ என்று நாம் எழுதினால் இது மறைந்துபோகும். பதவிவழிக் குற்றங்கள் எப்படி முடிகின்றன என்று தேடி வருபவருக்கு வேண்டியதே அந்த வரிதான். அதே சம்பவத்தை மூடிமறைக்கச் சதி செய்ததாக மூன்று காவலர்கள் மேல் வழக்கு வந்தது: சதி, நீதிக்கு இடையூறு, பதவிவழிக் குற்றம். அவர்கள் ஜூரி வேண்டாம் என்று நீதிபதியிடமே விசாரணை கேட்டார்கள். 2019 ஜனவரி 17 அன்று எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலை. மறுநாள் வான் டைக்குக்கு 6 ஆண்டு 9 மாதத் தண்டனை. இரண்டு வழக்கையும் நடத்தியவர்கள் நீதிமன்றம் அமர்த்திய சிறப்பு அரசு வழக்கறிஞர்கள். கவுண்டி அரசு வழக்கறிஞர் அல்ல.

‘தீர்ப்பு’ ஏன் ஆகாது என்றால், பல குற்றச்சாட்டுகள் தீர்ப்பு வரை போவதே இல்லை. அரசுத் தரப்பே தொடர விரும்பவில்லை என்று நிறுத்திக்கொள்ளும் ‘நாலி பிராசிக்வை’ இருக்கிறது. குற்ற ஒப்புதல் இருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்தால் வழக்கு அற்றுப்போவதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக நம் நீதிமன்றங்களில் ‘முடித்துவைக்கப்பட்டது’ என்றே சொல்கிறார்கள். எனவே ‘குற்றச்சாட்டு முடித்துவைப்பு’ என்று வைப்போம்.

> நாலி என்பதை ‘வழக்குத் தள்ளுபடி’ எனலாமே?

கூடாது அக்கா. தள்ளுபடி செய்பவர் நீதிபதி. இங்கே முடிவெடுப்பவர் அரசு வழக்கறிஞர். ஒரு காவலர் மேலுள்ள குற்றச்சாட்டை நீதிபதி தள்ளினாரா, அரசுத் தரப்பு தானே விட்டுவிட்டதா என்பது சின்ன வித்தியாசமா? யாரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பதே அதைப் பொறுத்துத்தான். மக்கள் சொல்லும் ‘வாபஸ்’ சரியான பொருள் தருகிறது. எழுத்தில் ‘அரசுத் தரப்புக் கைவிடல்’. அரசுத் தரப்போடு பேசி முடிக்கும் பேரத்தில் மற்றொரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு இது மட்டும் கைவிடப்பட்டிருந்தாலும் தரவில் தனி வரியாகத் தெரியும். உறுதியானால் பதவியைப் பறிக்கும் பிரிவு என்பதால், இந்த வரி பேரத்தில் எங்கே போய் நிற்கிறது என்பது பார்க்க வேண்டிய ஒன்று.

ஜூரி சொல்வதையும் நீதிபதி தனியே முடிவு செய்வதையும் அந்தத் தரவு இரண்டு சொல்லால் பிரிக்கிறது. நாமும் ‘ஜூரி தீர்ப்பு’, ‘நீதிபதி முடிவு’ என்று பிரித்தால் போதும்.

‘விடுதலை’ பற்றி ஒரு வார்த்தை. வான் டைக் 2018-இல் ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. 2022 பிப்ரவரி 3 அன்று சிறையிலிருந்தும் ‘விடுதலை’. இரண்டாவதற்கு ‘சிறையிலிருந்து வெளிவந்தார்’ என்றே எழுதுவோம். முதலாவதை நீதிமன்றத் தமிழ் வெகுகாலமாகச் சொல்லி வருகிறது, அதை மாற்ற வேண்டாம்.

கவுண்டியை ‘மாவட்டம்’ ஆக்கியவருக்கு என் வேண்டுகோள்: தயவுசெய்து வேண்டாம். இல்லினாயில் ‘டிஸ்ட்ரிக்ட்’ நீதிமன்றம் என்றால் அது கூட்டாட்சி நீதிமன்றம், கவுண்டியின் நீதிமன்றம் வேறு. சிகாகோவில் இரண்டும் இருக்கின்றன. ஜான் பர்ஜ் என்ற காவல் அதிகாரியின் கீழ் கைதிகள் ஆண்டுக்கணக்கில் சித்திரவதைக்கு ஆளானார்கள். அந்தச் சித்திரவதைக்காக அவர் மேல் வழக்குத் தொடரக் காலவரம்பு கடந்துவிட்டது. பொய்ச் சாட்சியம், நீதிக்கு இடையூறு ஆகியவற்றுக்காக 2010-இல் கூட்டாட்சி நீதிமன்றம்தான் அவரைக் குற்றவாளி ஆக்கியது. தண்டனை நாலரை ஆண்டு. ஓய்வூதிய வாரியத்தில் வாக்கு 4-க்கு 4 எனச் சமமாகப் பிரிந்ததால் ஓய்வூதியமும் தப்பியது. இதை ‘மாவட்ட நீதிமன்றத்தில்’ என்று எழுதினால் எந்த நீதிமன்றம் செய்தது, எது செய்யவில்லை என்பதே தலைகீழாகிவிடும். கவுண்டி என்பதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ‘எஸ்.ஓ.எல்.’ (ஸ்ட்ரிக்கன் ஆன் லீவ்) மட்டும். குற்றச்சாட்டை அழைப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஆனால் மறுபடி கொண்டுவரும் உரிமை அரசுத் தரப்புக்கு உண்டு. முடிந்தது போலத் தெரியும், முடிந்திருக்காது. ‘கிடப்பில் போடுதல்’ என்றால் யாரோ அலட்சியமாக விட்டது போல் ஒலிக்கிறது. இது முறைப்படி எடுக்கும் நடவடிக்கை. ‘மீட்புரிமையுடன் பட்டியல் நீக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, வாயில் நுழைய நேரம் பிடிக்கிறது. நீதிமன்றத்தில் புழங்கும் அக்கா இதைவிடச் சுருக்கமாக ஏதாவது கேட்டிருந்தால் எழுதுங்கள். வரும்வரை அட்டவணையில் அந்தக் கட்டத்தை ‘முடித்துவைப்பு’ பத்தியில் சேர்க்காமல் ‘நிலுவை’யின் கீழ் தனியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்