வலி நின்ற பிறகும் பல்லை எடுக்கச் சொல்வது ஏன்?

கேள்வி

வணக்கம். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்து, மேலே கேப்பும் போட்டிருந்தேன். அண்மையில் அதன் அருகே ஈறு வீங்கிச் சீழ் கட்டியது. மாத்திரை எடுத்ததும் வீக்கமும் வலியும் அடங்கிவிட்டன. ஆயினும், எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், வேரில் விரிசல் இருக்கக்கூடும் என்றும் பல்லை எடுத்துவிடுவதே நல்லது என்றும் கூறுகிறார். வலியே இல்லாத பல்லை ஏன் எடுக்க வேண்டும்? இன்னொரு முறை வேர் சிகிச்சை செய்தால் போதாதா?

பதில் 1 (பல் மருத்துவர்)

வலி அடங்கியதை நோய் அடங்கியதாகக் கொள்ள வேண்டாம். வேர் சிகிச்சையின்போதே பல்லின் நரம்பு நீக்கப்பட்டுவிடுவதால், அந்தப் பல்லுக்குள் வலி தோன்ற வழியில்லை. நீங்கள் உணர்ந்தது சுற்றியுள்ள எலும்பிலும் ஈறிலும் சீழ் தந்த அழுத்தத்தையே. ஆன்டிபயாட்டிக் மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் சென்று சேரும் என்பதால், இரத்த ஓட்டமற்ற வேர்க்குழாய்க்குள்ளும் விரிசலுக்குள்ளும் தங்கியிருக்கும் கிருமிகளை அது எட்டுவதில்லை. ஆகவே சில வாரங்களிலோ மாதங்களிலோ வீக்கம் திரும்ப வரும்.

வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தால், அதை ஒட்டவைத்து நிலையாகக் காப்பாற்றும் வழி இன்றுவரை இல்லை. கிருமிகள் அந்தப் பிளவின் வழியே இறங்கி, அதை ஒட்டிய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரிவது அரிது. வேரின் பக்கவாட்டில் எலும்பு கரைந்திருக்கும் விதத்தையும், ஈறைச் சுற்றி அளவுகோல் கருவியைச் செலுத்தும்போது மற்ற இடங்களில் 2 அல்லது 3 மில்லிமீட்டரில் நிற்பது ஓர் இடத்தில் மட்டும் குறுகலாக ஆழமாய் இறங்குவதையும் வைத்தே பெரும்பாலும் ஊகிக்கிறோம். ஐயம் நீடித்தால், ஈறைச் சற்று விலக்கிக் கண்ணால் பார்ப்பதும் உண்டு.

எனவே, "எதை வைத்து விரிசல் என்கிறீர்கள்?" என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். விரிசல் இல்லாமல், முன்பு விடுபட்ட ஒரு வேர்க்குழாயோ கேப்பின் ஓரக்கசிவோ காரணமாக இருந்தால், மறுபடி வேர் சிகிச்சை செய்வதும் வேர்நுனி அறுவைச் சிகிச்சையும் நியாயமான வழிகளே. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டராவது சொத்தையற்ற பல் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் புதிய கேப் நெடுநாள் நிற்காது.

பதில் 2

விரிசலும் சொத்தையும் மட்டுமே காரணங்கள் அல்ல. ஈறு நோயால் எலும்பு கரைந்து, பல் பக்கவாட்டில் மட்டுமன்றி மேலும் கீழுமாகவும் ஆடத் தொடங்கினால், சொத்தையே இல்லாவிடினும் அதைத் தக்கவைப்பது கடினம். இந்த நோய் வலியின்றி வளர்வதால் பலரும் தாமதமாகவே வருகிறார்கள். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கும் முன்பும் சந்தேகத்துக்குரிய பற்களை எடுத்துவிடுவார்கள். கதிர்வீச்சுக்கு ஆட்பட்ட தாடை எலும்பு எளிதில் ஆறாது என்பதால், பிறகு எடுப்பது ஆபத்தானது. நெருக்கடியான பல்வரிசையைச் சீரமைக்க நல்ல முன்கடைவாய்ப்பற்களை எடுப்பது தனிக் கதை.

ஞானப்பல் விஷயத்தில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. அது தொல்லை எதுவும் தராமல் புதைந்திருந்தால், பின்னால் தொல்லை தரலாம் என்ற ஒரே காரணத்துக்காக எடுப்பது தேவையற்றது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் இதையே வலியுறுத்தியது. ஈறு அடிக்கடி வீங்கினாலோ, முன்னுள்ள பல்லைச் சொத்தையாக்கினாலோ எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மருத்துவரிடம் கேட்டதும் கருவியை வைத்துக் காட்டினார். கன்னத்துப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் ஆழமாக இறங்குகிறது. அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும்? எடுத்தால் அந்த இடைவெளியை நிரப்பியே தீர வேண்டுமா?

பதில் 1 (பல் மருத்துவர்)

அப்படியானால் அவருடைய ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விட்டுவைப்பதால் உடனடி ஆபத்து நேராமல் இருக்கலாம். ஆனால் எலும்பு மேலும் கரையக் கரைய, பின்னர் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்துவதற்கான இடம் குறைந்துகொண்டே போகும். தாமதிக்க வேண்டாம் என்பதற்கு எனக்கு இதுவே முதன்மையான காரணம்.

இடைவெளியை விட்டால் பக்கத்துப் பல் சாயக்கூடும், எதிர்ப்பல் அந்த வெற்றிடத்தை நோக்கி மெல்ல நீளக்கூடும். எல்லோருக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. வரிசையின் கடைசிப் பல்லாக இருந்தால் நிரப்பாமலே விடுபவர்களும் உண்டு. எடுக்கச் செல்லும் முன், இரத்தம் உறையாமல் இருக்க ஏதேனும் மாத்திரையோ எலும்பு அடர்த்திக் குறைவுக்கான (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்தோ எடுப்பவராயின் கட்டாயம் தெரிவித்துவிடுங்கள். அவற்றை நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம்.