பொங்கல் லீவுக்கு அப்புறம் மூன்று பாடவேளைதான் கிடைக்கும்போல, பத்துகள், ஒன்றுகள் பாடத்தில் எதை விடுவது?

திருமங்கலம் பக்கம், பயிற்சி ஆசிரியை:

நானும் தோழியும் ஆசிரியர் பட்டயப் படிப்பு இரண்டாம் ஆண்டு. கற்பித்தல் பயிற்சியில் இரண்டாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள், 17 பிள்ளைகள். ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பாடக்குறிப்பு எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். லீவு முடிந்த முதல் நாள் ஆறு பேர்தான் வந்தார்கள். மறுநாள் மருத்துவக் குழு வந்து எடை, உயரம், கண் எல்லாம் பார்த்ததில் காலை முழுக்கப் போய்விட்டது. இப்போது குடியரசு தின ஒத்திகை, மதியமானால் பாதி வகுப்பு டான்ஸ் பழகப் போகிறது. நாளை மறுநாள் வகுப்பு டீச்சருக்குக் குறுவள மையத்தில் (சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடம்) பயிற்சி, அன்று ஒன்று முதல் மூன்று வரை எல்லா வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து பார்வைக்கு வருகிறார்கள்.

ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நன்றாகவே கட்டினார்கள். ஆனால் இருபத்து நாலு எடுத்துக் காட்டு என்றால் ஒரு பையன் இரண்டு கட்டையும் பிரித்துப் போட்டு ஒன்றிலிருந்து எண்ணுகிறான். எழுதச் சொன்னால் நாலைந்து பேர் 204 என்று எழுதுகிறார்கள். என்ன செய்வது?

மேலூர் டீச்சர்:

ஏம்மா, அவன் பிரித்தது தப்பே இல்லை. கட்டுக்குள்ளே பத்து இருக்கிறது என்று அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். பிரிக்கட்டும், எண்ணட்டும், அவனே திரும்பக் கட்டட்டும். சில தடவை செய்து அலுத்த பிறகு பத்து, இருபது என்று தானாகத் தாவுவான். அந்தத் தாவல்தான் பாடம், அதை மட்டும் விடாதே. எழுதுவது ஒரு வாரம் தள்ளிப்போனால் குடி முழுகாது.

40 நிமிடத் திட்டத்தை மறந்துவிட்டுப் பத்து நிமிடத் துண்டுகளாக வைத்துக்கொள். கட்டி முடித்து டப்பாவில் போட்டால் ஒரு துண்டு முடிந்தது, நடுவில் யார் வந்து கூப்பிட்டாலும் எதுவும் அந்தரத்தில் நிற்காது. மறுநாள் டப்பாவைத் திறந்து, நேற்று எத்தனை கட்டு வைத்தோம் என்று ஆரம்பி. வராத பிள்ளைக்கு வந்த பிள்ளையே சொல்லட்டும், நீ சொல்வதைவிட அது நன்றாக ஏறும்.

அப்புறம், காலை முதல் வேளையைக் கேட்டு வாங்கு. காலை உணவு சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம், தெம்பாக இருப்பார்கள். 2022 செப்டம்பரில் நம் மதுரை நெல்பேட்டையில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்னால் முதல் மணியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்காரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைகளிடம் பத்தாவது ஒன்றாவது!

உசிலம்பட்டி, போன வருடம் பட்டயம் முடித்தவன்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று. தமிழில் எண்ணின் பெயரே பாதி வேலையைச் செய்துவிடும், சிஸ்டர். இரண்டு கட்டு வைத்து இரு பத்து, இருபது. மூன்று வைத்து முப்பது. இப்படி வாயால் சொல்லிக்கொண்டே வைத்தால் எண்பது வரை ஓடும், ஆனால் தொண்ணூறில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். ஒன்பது கட்டு வைத்துத் தொண்ணூறு என்றதும் ஒரு பாப்பா காதில் நூறு மட்டும் விழுந்து 100 என்று எழுதிவிட்டது. இந்த வாரம் ஐம்பதோடு நிறுத்துங்கள்.

204-க்கு நான் செய்தது: பழைய தினக் காலண்டர் அட்டையை வெட்டி ஒன்றில் 20, அதில் பாதி அகலத்தில் இன்னொன்றில் 4. நாலை எடுத்து இருபதின் சுழி மேல் வைத்து மூடினால் 24. தூக்கினால் சுழி அடியில் அப்படியே இருக்கும். பிள்ளைகள் அதைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், பார்க்க விடுங்கள்.

மூன்று வகுப்பும் சேரும் நாளை வீணான நாளாக எண்ணாதீர்கள். சின்ன வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அந்த வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தானே உட்கார வைக்கிறோம். ஒன்றாம் வகுப்பு குச்சி எண்ணிக் கொடுக்கட்டும், உங்கள் பிள்ளைகள் கட்டட்டும், மூன்றாம் வகுப்பு பத்துக் கட்டைச் சேர்த்து நூறு கட்டட்டும்.

திருமங்கலம் பக்கம், பயிற்சி ஆசிரியை:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. பிள்ளைகள் இன்னும் பொங்கல் நினைப்பிலேயே இருக்கிறார்கள், கரும்புக் கட்டு என்று ஆரம்பிக்கலாமா?

மேலூர் டீச்சர்:

வேண்டாம்மா. எங்கள் பக்கம் கரும்பு வெட்டும் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. ஒரு கட்டில் எத்தனை என்று கேட்டால் பதினைந்து என்பான், இருபது என்பான், அவன் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். உன் பத்து அங்கேயே அடிபட்டுப் போகும். ஈர்க்குச்சியே போதும்.

பாடக்குறிப்பை மட்டும் அடித்து எழுதாதே. தேதி, எத்தனை பேர் வந்தார்கள், எந்தத் துண்டில் நின்றது என்று ஓரத்தில் எழுதி வை. பார்வைக்கு வருபவர் கேட்டால் அதையே காட்டு, மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

திருமங்கலம் பக்கம், பயிற்சி ஆசிரியை:

இன்று முதல் வேளை கிடைத்தது, 14 பேர். இருபத்து மூன்று கேட்டேன். அந்தப் பையன் ஒரு கட்டைப் பிரித்து எண்ணினான், இரண்டாவதைக் கையில் எடுத்து ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பிரிக்காமலே கீழே வைத்து "இருபது" என்றான். மூன்று குச்சி வைப்பதற்குள் மருந்து கொடுக்க நர்ஸ் அக்கா வந்துவிட்டார்கள். டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம், நாளை அங்கிருந்துதான்.