மறுமொழி: எஃப் துளையா, சுழித்துளையா?

அனைவருக்கும் வணக்கம். ஃபோக் ராக் (நாட்டுப்புற இசையும் ராக்கும் கலந்தது) கட்டுரைகளுக்கான நம் கலைச்சொல் பட்டியலில், வயலின், மாண்டலின் முகப்பில் ஆங்கில 'எஃப்' வடிவில் வெட்டிய ஒலித்துளைக்கு 'சுழித்துளை' என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> வயலின்காரர்கள் எஃப் துளை என்றுதான் சொல்கிறார்கள். மாண்டலினுக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு?

வயலினில் அந்தச் சொல் யாரையும் குழப்பாது. அமெரிக்க இசைக்கருவி நிறுவனமான கிப்சனின் பழைய மாண்டலின்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால்தான் வம்பு. கிப்சன்காரர்கள் உடல்வடிவத்துக்கே ஏ, எஃப் என்று எழுத்து வைத்துவிட்டார்கள். நீர்த்துளி வடிவில் மொழுமொழுவென்று இருப்பது ஏ. தோளில் மரச்சுருளும் ஓரங்களில் கூர்முனைகளும் இருப்பது எஃப். துளைக்கும் இந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. எஃப்-4 மாதிரியில் இருப்பது நீள்வட்டத் துளை. 1922இல், கருவி வடிவமைப்பாளர் லாயிட் லோர் அங்கே பணியாற்றிய காலத்தில் வந்த எஃப்-5இல்தான் எஃப் துளை நுழைகிறது. 1923இல் ஏ உடலில் எஃப் துளை போட்டு ஏ-5 என்று ஒன்றும் செய்தார்கள். "எஃப் துளை இல்லாத எஃப் மாண்டலின், எஃப் துளை உள்ள ஏ மாண்டலின்" என்று கட்டுரையில் எழுதினால் படிக்கிறவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

அதனால்தான் சுழித்துளை. மூன்றுசுழி ண, இரண்டுசுழி ன என்று சொல்லித்தானே எழுத்துப் படித்தோம்? இந்தத் துளையின் இரு முனையிலும் சின்ன வட்டம், அதிலிருந்து வளைந்து கிளம்பும் கோடு. பார்த்தவுடன் சுழி என்று வாயில் வரும்.

> சுருள், சுழி இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றனவே?

சரிதான். ஆனால் வெறும் 'சுருள்' எப்படியும் போதாது. வயலினில் சுருள் தலையில் இருக்கிறது, எஃப் மாண்டலினில் தோளில். ஆகவே தலைச்சுருள், தோள்சுருள் என்று பிரித்துவிடலாம்.

> மேடைப் படத்தைப் பார்த்து இன்ன மாண்டலின் என்று சொல்லத் துளை ஒன்று போதுமா?

போதாது. லோரின் கையெழுத்துள்ள சீட்டு கூட்டின் உள்ளே ஒட்டியிருக்கும், படத்தில் தெரியாது. கழுத்து உடலைத் தொடும் இடத்தில் எத்தனையாவது மெட்டு என்று எண்ணுங்கள் (வீணையின் மெட்டு இங்கேயும் அப்படியே பொருந்துகிறது). எஃப்-4இல் 12, எஃப்-5இல் 15. தலையில் பதித்த பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்க மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் 1923ஆம் ஆண்டு எஃப்-5இல் "தி கிப்சன்" என்று இருந்தது. நிறுவனத்தின் மேல் வந்த கோபத்தில் 'கிப்சன்' என்பதை மட்டும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். பல ஆண்டுகள் வெறும் 'தி'யோடு மேடை ஏறியது அந்த மாண்டலின்! அவர் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறத் தந்தி இசைக்காரர், நாம் பேசுவது ஃபோக் ராக் என்பீர்கள். ஃபோக் ராக் குழுவான பேர்ட்ஸில் பேஸ் கித்தார் வாசித்த கிறிஸ் ஹில்மனே புளூகிராஸ் மாண்டலினிலிருந்து வந்தவர்தானே.

இசைத்தட்டு உறையிலும் துப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1971இல் பிரிட்டிஷ் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டின் இசைத்தட்டில் மாண்டலின் வாசித்த லிண்டிஸ்ஃபார்ன் குழுவின் ரே ஜாக்சனுக்குக் கிடைத்த மரியாதை, "லிண்டிஸ்ஃபார்னின் மாண்டலின்காரர், பெயர் நினைவில்லை" என்ற குறிப்பு. ஆளின் பெயருக்கே அந்தக் கதி.

'நம் ஊர் மாண்டலினில் துளையே இல்லையே' என்று கேட்டவருக்கு: உ. ஸ்ரீனிவாஸ் வாசித்தது ஐந்து தனித் தந்திகள் கொண்ட மின் மாண்டலின். கூடே இல்லாதபோது துளை எதற்கு? இந்தப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், 'கோர்ஸ்' என்ற சொல்லுக்குத் தமிழ் இன்னும் முடிவாகவில்லை. மாண்டலினின் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக ஒரே சுருதியில் நிற்பதைத் 'தந்தியிணை' எனலாம் என்பது என் கட்சி. பன்னிரு தந்திக் கித்தாரில் சில இணைகள் ஒரு ஸ்தாயி தள்ளி நிற்கும், அங்கேயும் இது ஒத்துவரும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.